குழாயை மூடிய சாக்கு

ஆடி, செவ்வாய்க்கிழமை.

மதியம் வெள்ளைக்காரப் பயணி ஒருத்தியைக் குற்றாலத்துக்கு மேலே மலைக்கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். அசல் கிராம வாழ்க்கையைக் காட்டுவதாக விளம்பரம் செய்திருந்தேன். அதனால் செல்லத்தாயி அக்கா வீட்டுக் குழாயைச் சாக்கால் மூடிவிட்டு, ஓடையில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். சாரலில் பாறை வழுக்கி, அக்கா குடத்தோடு விழுந்தாள்.

பதறிப்போன வெள்ளைக்காரி, அடிபட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

"என்ன சொல்லுதாவ, தம்பி?"

விளம்பரத்துக்காக நான் எடுத்துக்கொண்டிருந்த வீடியோவில் விழுந்ததைப் போட முடியாது.

"படம் சரியா விழலையாம். இன்னொரு தடவை எடுத்துட்டு வரணுமாம்."

முழங்கால் ரத்தத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு அக்கா மறுபடி இறங்கினாள். வலியில்லையாம் என்று வெள்ளைக்காரியிடம் சொன்னேன்.

கிளம்பும்போது அக்கா கையைப் பிடித்தாள். "அந்தம்மாவுக்கு ஈவு இரக்கமே இல்ல தம்பி. உனக்காவத்தான் போனேன்."

ஆமாம் அக்கா என்றேன்.