அந்தப் பொங்கலை நான் ருசி பார்க்கவில்லை, அக்கா

என் பேச்சியக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. நம் பள்ளிக்கூடத்துச் சேதி சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் கரியேற்றிய சமையலறைச் சுவருக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் காலையிலேயே சேமியாக் கிச்சடி கிடைக்கிறது. மதியச் சமையல் உங்கள் மருமகள் செல்வி. கேஸ் அடுப்புதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஓய்வு பெற்று அருப்புக்கோட்டையில் வந்து உட்கார்ந்த பிறகும், பன்னிரண்டு மணியானால் எனக்கு உங்கள் சாம்பார்தான் மணக்கிறது. கருவேல விறகுப் புகையும் அதில் சேர்ந்தே இருக்கும். மூன்றாம் வகுப்பில் நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால், 'ஏழெட்டு' என்று தொடங்கும் பிள்ளைகள் பாதியில் மூக்கை உறிஞ்சுவார்கள். "இன்னைக்குப் பாசிப்பயறு டீச்சர்!" அத்தோடு வாய்ப்பாடு போய்விடும். வேப்பமரத்தடியில் அலுமினியத் தட்டுகள் வரிசையாக உட்காரும். அண்டாவில் அடிப்பிடித்த காந்தலுக்கு நடக்கும் சண்டை தனி. "ஏலே, நேத்து நீ தின்னேல்ல, இன்னைக்கு அவன் முறை" என்று நீங்கள் கரண்டியை ஓங்குவீர்கள். அந்தக் கரண்டி ஒருவர் மேலும் பட்டதில்லை.

நீங்கள் எதையும் அளந்து போட்டு நான் பார்த்ததில்லை. உலை கொதித்ததும் உங்கள் வலதுகை தானாக உப்புச்சட்டிக்குள் போகும். யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் போகும். நூற்றைம்பது பிள்ளைகளுக்கு ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை.

அந்தப் பங்குனியில் மட்டும் தவறியது. மிளகாய் நன்றாக விளைந்ததென்று மேலத்தெருப் பெரியவர் பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் போடச் சொல்லி அரிசியும் மண்டவெல்லமும் கொடுத்தார். வழக்கம்போல உங்கள் கை சோற்று உலைக்கு அள்ளுகிற அளவு உப்பை அள்ளிப் போட்டுவிட்டது. உங்களுக்கே தெரியாது. அதன் மேல் வெல்லமும் நெய்யும் ஏலக்காயும் விழுந்து, ஊரே மணந்தது.

பரிமாறும் முன்பு ஓர் ஆசிரியர் ருசி பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அன்று என் முறை. நான் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு விரதம். நீங்களும் விரதம்.

"டீச்சர், நானும் வாயில வைக்கல, நீங்களும் வைக்கப் போறதில்ல. ஒரு பிள்ளையக் கூப்புடவா?" என்று கேட்டீர்கள்.

"உங்க கைக்கு என்னக்கா? வாசமே சொல்லுதே. பெரியவரு வந்து காத்துக்கிட்டு இருக்காக" என்று சொன்னேன். நோட்டை வாங்கி, 'ருசி பார்த்தேன், சுவை நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பார்க்காமல் எழுதாதே என்று வருஷம் முழுக்கப் பிள்ளைகளிடம் சொல்கிறவள் நான்.

பெரியவர் முதல் வாய் எடுத்து வைத்தார், உப்புக் கரிப்பில் முகம் சுளித்தார். அதற்குள் பிள்ளைகள் தின்னத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர்கூடத் துப்பவில்லை. எல்லாரும் உங்களையே பார்த்துக்கொண்டு மெல்ல மெல்ல விழுங்கினார்கள். வீரலட்சுமி என்ற வாயாடி மட்டும், "பேச்சியாயா, இதுக்குத் தொட்டுக்க ஊறுகா இருக்கா?" என்று கேட்டாள்.

"என்ன டீச்சர், ருசி பாத்தீகளா இல்லையா?" என்றார் பெரியவர்.

நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். "நான் பாத்தப்ப சரியாத்தான் இருந்துச்சுய்யா."

நீங்கள் ஒரே ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆமாய்யா. டீச்சர் பாத்துட்டுப் போன பெறகு நாந்தேன் கை தவறிப் போட்டுட்டேன்" என்றீர்கள். ஏனக்கா அப்படிச் சொன்னீர்கள்? என் வேலைக்குப் பயந்தா? இல்லை, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டா?

அந்தப் பழிக்காக அடுத்த மாதம் உங்களை வீரசோழன் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் விடியற்காலைப் பஸ்ஸில் போய் வந்தீர்கள். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தீர்கள். அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "சாப்புட்டீகளா டீச்சர்?" என்று நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "சாப்பிட்டேன் அக்கா" என்றேன். அன்றும் பொய்தான்.

போன வாரம் செல்வி என் வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவாம். பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்யப் போகிறாளாம். ஊர்க்காரர்கள் இப்போதே சிரிக்கிறார்களாம்: "பேச்சி மருமகதானே? உப்புச்சட்டிய ஒளிச்சு வைங்கப்பா!"

"எங்க அத்தை எத்தனை வருசம் ஆக்கிப் போட்டுச்சு டீச்சர்! அந்த ஒரு நாளைத்தான் சொல்றாக. நீங்க வந்து ருசி பாத்துச் சொன்னா ஊரு நம்பும்" என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் சொல்லை ஊர் நம்புமாம். அன்றும் நம்பியதே, அக்கா, அதுதானே வினை.

வெள்ளிக்கிழமை எனக்கு விரதம். இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளிகூடத் தவறவிட்டதில்லை. இந்த வெள்ளி விடுகிறேன். செல்வியின் அண்டாவிலிருந்து முதல் கரண்டியை என் கையில் வாங்கி, எல்லாரும் பார்க்கத் தின்பேன். நோட்டில் எழுதுவேன். பிறகு மைக்கை வாங்கி, அன்று நான் வாயில் வைக்காமலே கையெழுத்துப் போட்டதையும், நீங்கள் என் பழியைச் சுமந்ததையும், பெரியவர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கும்போதே சொல்வேன். வீரலட்சுமி இப்போது அங்கே பெற்றோர் வரிசையில் உட்காருகிறாள். அவள் ஊறுகாய் கேட்டால் கேட்கட்டும்.

வெள்ளிக்கிழமை வாரேன் அக்கா, வெறும் வயிற்றோடு.

நீங்கள் கடைசிவரை 'டீச்சர்' என்றே கூப்பிட்ட
உங்கள் தங்கச்சி
சரசு