உழவர் என்ற கட்டத்தில் உன் பெயர்

மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம், நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் நடுவில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம், முழுக்கப் படி. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நல்ல செய்தி இவ்வளவுதான்.

மேட்டு நிலத்து மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரத்தில் ஒன்பது நாள் மழை கொட்டி மொத்தமும் அழுகிவிட்டது. பயிர் போனவர்களுக்கு நிவாரணம் உண்டு என்று கேள்விப்பட்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றபின், அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, நீங்க விவசாயி இல்லையேம்மா, நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கீங்களே என்றாள். யாருக்கு என்று கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினாள். உழவர் என்ற கட்டத்தில் உன் பெயர். மூன்று போகமாகப் பயிர் மானியம் உன் கணக்குக்குப் போயிருக்கிறது, இனி நிவாரணமும் உனக்குத்தானாம். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருடமாக அந்த மண்ணில் கிடக்கிறவள் விவசாயி இல்லையாம்! அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஒருநாள் களை எடுத்துக்கொண்டிருந்தபோது நீ கூப்பிட்டு, உன் போனுக்கு ஒரு ஓடிபி வரும்மா, அதைச் சொல்லு, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்றாய். கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். எட்டை மூன்று என்று சொல்லிவிட்டு, ஐயோ பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று மறுபடி நானே கூப்பிட்டுத் திருத்தினேன். அந்த எண்ணை வைத்துத்தான் நான் உனக்குக் குத்தகைக்கு விட்டதாகப் பதிந்திருக்கிறாய். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனாடா? மக்காச்சோளத்துக்கு எத்தனை தடவை உரம் வைக்க வேண்டும், சொல் பார்ப்போம். படித்தவன், பெரிய வேலைக்காரன், திருடுவதற்கு அம்மாதான் கிடைத்தாளா? அப்பா, நம்ம பிள்ளைதானே, விடு என்கிறார். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் பேனாவை நீ எடுத்து வந்த அன்றும் இதையேதான் சொன்னார். அன்று விட்டது என் தப்பு.

மறுநாளே ஆட்சேபனை மனு கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் தயங்கினாள். இது மோசடின்னு பதிவாகும்மா, வாங்கினதைத் திருப்பிக் கட்டணும், வழக்குகூட வரலாம், யோசிச்சுக்கோங்க என்றாள். யோசித்தாகிவிட்டது என்றேன். மனுவில் உனக்கும் எனக்கும் என்ன உறவு என்று ஒரு கேள்வி. அதைக் காலியாக விட்டேன். எழுதியே ஆகணும் என்றாள். மகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன், அதையும் தெரிந்துகொள்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நன்றாக இரு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் மனதாரத்தான் சொல்கிறேன். அடுத்த மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு வயலிலேயே விசாரணை, பயிர் செய்தவர் நேரில் வந்து நிற்க வேண்டுமாம். வீட்டுக்கு வராதே, நேரே வயலுக்கு வா. வழி தெரியாவிட்டால் யாரையாவது கேள். உன் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, என் பெயரைச் சொல்லிக் கேள்.

இப்படிக்கு,
அம்மா