உன் வார் இப்போது என் இடுப்பில்

மச்சான்,

உன் மிளகுக் கிட்டங்கிக் கதவுக்குப் பின்னால் தொங்கிய தோல் வாரை உன் மருமகன் கொண்டுவந்து கொடுத்தான். குடல் இறக்கத்துக்கு நீ இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த அதே வார். இப்போது எனக்கும் இறங்கிவிட்டது. இரண்டு துளை தள்ளிப் பூட்டினால்தான் பொருந்துகிறது. தொந்தியில் உன்னை ஜெயித்துவிட்டேன். நீ போனபிறகும் அதில் மிளகு வாசம் போகவில்லை.

ஐம்பத்தேழு நினைவிருக்கிறதா? என் மகன் எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்த வருஷம். கத்தி பிடிக்கப் போகிறான் என்று பஜார் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். வந்தது புளூ. ஆபரேஷன்களைத் தள்ளிவைத்து, பயிற்சி டாக்டர்களையெல்லாம் காய்ச்சல் வார்டில் போட்டார்கள். மட்டாஞ்சேரிக்குப் போட்டில் வீடு திரும்பும்போதெல்லாம் பையன் முகம் செத்திருக்கும்.

"முதுகுல குழாய் வெச்சு மூச்சு கேக்குறதுதான் வேலை, அத்தா. ஒரு தையல் போடல. இப்படியே வருஷம் முடிஞ்சா நான் என்ன சர்ஜன்?"

நான் படித்தது எட்டாம் கிளாஸ்தான். உன்னிடம் வந்து புலம்பினேன்.

"அழாதடா. என் இறக்கம் உன் மகனுக்குத்தான். வேற எவனுக்கும் காட்ட மாட்டேன்" என்றாய். மழைக்காலம் முழுக்க வலியோடு காத்திருந்தாய்.

புளூ தணிந்து ஆபரேஷன்கள் தொடங்கியபோது, ஆபரேஷன் பிரிவில் பையனுக்கு மிச்சம் ஒரே வாரம். பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்க அவனே செய்வதாக ஏற்பாடு. காலைப் போட்டில் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் போனோம். வயிற்றை அறுக்கப் போவது உனக்கு, புது வேட்டி கட்டியது நான். வழியில் நீ இருமினாய்.

"புளூவா?"

"போடா, மிளகுத் தூசு" என்று பனங்கற்கண்டை வாயில் ஒதுக்கி இருமலை அடக்கிக்கொண்டாய்.

வார்டில் பையன் உன் முதுகில் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்தான். நீ மூச்சை அடக்கிப் பார்த்தாய்.

"மாமா, எப்ப காய்ச்சல் வந்துச்சு?"

"காய்ச்சலா? மட்டாஞ்சேரில எல்லாருக்கும் உள்ளதுதான். மிளகு."

"மிளகு இவ்வளவு அடியில போகாது மாமா. நெஞ்சுல சளி இருக்கு. மயக்கம் குடுத்தா ஆபத்து. இருமினா தையலும் நிக்காது. இன்னைக்கு வேணாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், இது போனா உனக்கு வேற கேஸ் இல்லடா!"

"தெரியும் அத்தா" என்றான். குழாயைப் பெரிய டாக்டரிடம் நீட்டினான். பெரிய டாக்டர் தானும் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, சரியென்று தலையசைத்தார்.

நீதான் சிரித்தாய். அவிழ்த்த வாரை மறுபடி பூட்டிக்கொண்டே சொன்னாய்: "எடா, பொண்டாட்டிகிட்டயே மறைச்ச காய்ச்சலை இவன் பிடிச்சுட்டானே! இனி இவன் எப்ப கத்தி எடுத்தாலும் நான் தைரியமாப் படுப்பேன். வா, சாயா குடிக்கலாம்."

சளி வற்றியபிறகு வேறொரு பையன்தான் உனக்குச் செய்தான். தையல் கோணல் என்று கடைசிவரை குறை சொன்னாய். என் மகன் கத்தியைப் பிறகு வேறு ஊரில் கற்றுக்கொண்டு திரும்பினான். இன்று அவனே பெரிய டாக்டர்.

இந்த வருஷம் மறுபடி ஒரு புளூ. அவனிடம் பயிலும் பிள்ளைகளும் காய்ச்சல் வார்டில்தான் கிடந்தார்கள். நேற்று தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அத்தா, உங்க ஆபரேஷனை ஒரு பொண்ணு செய்யட்டுமா? அவளுக்கு இதான் முதல். நான் பக்கத்துல நிப்பேன்."

"செய்யட்டும். முதல்ல என் முதுகுல குழாய் வெக்கச் சொல்லு" என்றேன்.

நாளைக் காலைப் போட்டில் போகிறேன், மச்சான். பழைய வேட்டிதான். வாயில் கற்கண்டு இல்லை. உன் வார் மட்டும் இடுப்பில்.