வாடாமல்லிப் புடவையின் மடிப்பில்

உன் வசம்பு முடிச்சுகள் பீரோவின் மூன்றாவது தட்டில், மூலையில் இன்னும் கிடக்கின்றன. பழைய வேட்டித் துணியில் வைத்து நூலால் இறுக்கிக் கட்டிய நான்கு முடிச்சுகள். துணி பழுத்துப்போய்விட்டது. மூக்கருகே கொண்டுபோனேன், வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நீ இந்த உலகத்தை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பீரோவை விட்டுப் போய் ஒன்பது வருஷம்.

நானாக இதை ஒழிக்கவில்லை என்று உனக்குச் சொல்லாமலே தெரியும். கார்த்திகை தீபத்துக்கு உறவுக்காரர்கள் வருவதற்குள் வெள்ளையடித்துவிடலாம் என்று உன் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், ஆட்களைக் கூட்டிவந்துவிட்டார். வந்தவர்கள் பீரோவை இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா உள்ள, கல்லா வெச்சினுகீறீங்க? காலி பண்ணாத்தான் நவுரும்" என்றார்கள். அதனால் இறக்கினேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் சாப்பாட்டு வேளை தாண்டியும் இறக்கிக்கொண்டே இருந்தேன். அறுபத்தெட்டுப் புடவைகள். அதில் முக்கால்வாசி வாங்கி வந்த மடிப்பு கலையாதவை.

அடியில் அந்த வாடாமல்லிப் பட்டு இருந்தது. என் கல்யாணத்துக்கு மாமனார் வழியில் யாரோ வைத்துக் கொடுத்தது. அந்த நிறம் என்னை இன்னும் கறுப்பாகக் காட்டும் என்று நான் ஒருமுறை கூடக் கட்டியதில்லை. எடுத்தபோது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. பிரித்தேன். உள்ளே இருந்து மயில்கழுத்து நிற ஆரணிப் பட்டு நழுவி என் மடியில் விழுந்தது.

எந்தப் புடவை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள். நான் மூத்தவருக்கு வந்து ஆறு வருஷம் கழித்து நீ இளையவருக்கு வந்தாய். வீட்டில் இருந்தது ஒரே பீரோ. மேல் இரண்டு தட்டு எனக்கு, மூன்றாவது உனக்கு என்று நான்தான் பிரித்தேன். நீ கொண்டுவந்த பதினோரு புடவைகளை அந்த ஒரு தட்டிலேயே அடுக்கிவிட்டு, "இடம் ஜாஸ்தியாவே இருக்குதுக்கா, உனக்கு வேணும்னா ரெண்டு வெச்சுக்கோ" என்றாய். இருபத்திரண்டு வயதுப் பெண் இப்படிப் பேசினால் நடிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நீ நடிக்கவில்லை என்று புரிய இரண்டு வருஷம் பிடித்தது.

உனக்கு ஒரு வரிசை இருந்தது. மேலே இருப்பதை எடுத்துக் கட்டுவாய், துவைத்துக் காய்ந்ததும் அடியில் செருகுவாய். நல்ல நாள், வெறும் நாள் என்கிற கணக்கே கிடையாது. வரிசையில் பட்டு வந்தால் பட்டோடு ரேஷன் கடைக்குப் போவாய். "ரேஷன் கடையில பொண்ணு பாக்க வராங்களா?" என்று நான் கேட்டதற்கு, "உள்ளயே கெடந்தா அதுக்கும் மூச்சு முட்டும்க்கா, வெளிய காட்டினு வரேன்" என்றாய். செங்கம் ரோடு பக்கம் போகும்போது ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களைக் கண்டால் உனக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிடும். "பாருக்கா, ரெண்டே துணி வெச்சுக்கினு ஒலகத்தச் சுத்தறாங்க. நீ மலையச் சுத்தறதுக்கு அம்பது வாங்கி வெச்சிருக்க." எனக்குக் கோபம் வரும், கூடவே சிரிப்பும் வந்துவிடும். அந்த வாடாமல்லியைப் பார்க்கும்போதெல்லாம், "இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கும்க்கா, ஒரே ஒரு தடவ கட்டேன்" என்பாய். நான் கேட்டதே இல்லை.

உன்னிடம் எனக்குப் பிடிக்காத ஒரே பழக்கம், நீ அடுத்தவர் புடவையையும் அப்படியே பார்த்தது. தீபத்தன்று இந்த ஊரில் மழை வராமல் இருந்தால்தான் அதிசயம். கிரிவலம் போய்விட்டு நனைந்து வரும் சொந்தக்காரர்கள் நம் வீட்டுப் படியேறுவார்கள். நீ வாசலுக்கே ஓடுவாய். "வாங்க வாங்க, தலையத் தொடைங்க, பொடவ எடுத்துத் தரேன்" என்று பீரோவைத் திறப்பாய். கைக்கு எது வந்ததோ அது. அதில் என்னுடையதும் வரும். அப்படித்தான் ஒரு வருஷம் என் எலுமிச்சை நிறப் பட்டு யாரோ ஒரு சித்தி மேல் ஏறி, தீபத்து நெய்க் கறையோடு திரும்பி வந்தது. நீ இரண்டு நாள் சீயக்காய்த் தூளும் கடலை மாவும் போட்டுத் தேய்த்தாய். கறை போகவில்லை. "பரவாயில்ல விடு" என்று வாய்தான் சொன்னது. மனசு விடவில்லை.

அதற்கு அடுத்த வருஷத் தீபம் முடிந்து வந்த தை மாதம், என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கட்ட மயில்கழுத்தைத் தேடினேன். அண்ணன் எடுத்துக் கொடுத்த புடவை, அவர் வீட்டு விசேஷத்துக்கு அதைத்தான் கட்ட வேண்டும். என் இரண்டு தட்டிலும் இல்லை. உன் தட்டைக் கலைத்துப் பார்த்தேன், அங்கும் இல்லை. கூடத்துக்கு வந்தேன். மாமியார் இருந்தார், ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் இருந்தார், அவர் வீட்டுக்காரர் இருந்தார். உன் மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் முன்னால், யாருக்குத் தூக்கிக் கொடுத்தாய் என்று உன்னைக் கேட்டேன்.

"நான் எடுக்கலக்கா" என்றாய்.

"கேக்காம எடுத்துக் குடுக்கறதுக்கும் பேரு திருட்டுதான்" என்றேன்.

உன் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள். நீ இரண்டாவது முறை எதுவும் சொல்லவில்லை. அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால், ஒரு வாரத்தில் சமாதானமாகி இருப்போம். மறுநாள் காலையில் மூன்றாவது தட்டு காலியாக இருந்தது. உன் பதினோரு புடவைகளும் கட்டிலுக்கு அடியில் இருந்த சூட்கேஸுக்குப் போய்விட்டன. அதுவரை "வாக்கா, போக்கா" என்று இருந்தவள் அன்றிலிருந்து "வாங்கக்கா, போங்கக்கா" ஆகிவிட்டாய். அந்த மரியாதையை நான் ஏழு வருஷம் தின்றேன்.

அடுத்த தீபத்தன்றும் மழை. நனைந்து வந்தவர்களுக்குத் துண்டு கொடுத்தாய், காபி கொடுத்தாய். மாற்றுப் புடவை கேட்டவரிடம், "அக்காகிட்ட கேளுங்க" என்றாய். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இப்போது நான் எழுத வேண்டியது மிச்சம் இருக்கிறது. மயில்கழுத்து எப்படி வாடாமல்லிக்குள் போனது?

வெள்ளையடிக்க வந்தவர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். நான் அந்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் மடிப்பு அகலமாக இருக்கும், நீ ஊக்குக் குத்தவே மாட்டாய், பட்டு கிழியும் என்பாய். இது ஒடுக்கமான மடிப்பு. ரவிக்கை நடுவில் செருகி, முந்தானை ஓரத்தில் ஊக்குக் குத்தியிருந்தது. என் மடிப்பு, என் ஊக்கு. பார்த்ததும் அந்தத் தீபத்தன்று மத்தியானம் நடந்தது முழுசாக ஞாபகம் வந்துவிட்டது. விடியற்காலையில் கோயிலுக்குக் கட்டிப்போன பட்டை மாற்றிவிட்டு மடித்துக்கொண்டிருந்தேன். கீழே பேச்சுச் சத்தம், படியில் காலடி. "பொடவ எடுத்துத் தரேன்" என்று உன் குரல். போன வருஷத்து நெய்க் கறை கண்முன் வந்தது. உன் கைக்குக் கிடைக்கக் கூடாது என்று, நான் கட்டவே கட்டாத வாடாமல்லியைப் பிரித்து அதற்குள் வைத்து மூடினேன். ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பிறகு முப்பது பேருக்கு இலை போட்டது, மொட்டை மாடிக்கு ஓடி மலையில் தீபம் ஏறுவதைப் பார்த்தது, அடுத்த நாள் பாத்திரம் கழுவியது. வைத்ததே மறந்துபோனது.

உன் கையிலிருந்து நான் ஒளித்து வைத்ததை, நீ எடுத்தாய் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள் அந்த வாடாமல்லியைக் கட்டியிருந்தால் போதும். இருப்பதைக் கட்டு, இருப்பதைக் கட்டு என்று நீ அடித்துக்கொண்டது என் காதில் ஏறவில்லை. மாறாக, காலியான உன் தட்டையும் புதுசு வாங்கி நிரப்பினேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. சண்டைக்குப் பிறகு நீயாக வந்து என்னிடம் பேசியது அபூர்வம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை பிறந்ததும் கதவருகில் நின்று ஒன்றை மட்டும் சொல்வாய். "பீரோவ ஒரு தடவ முழுசா எறக்கி அடுக்குங்கக்கா. நான் கீழ உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்கறேன்." குத்திக்காட்டுகிறாய் என்று நினைத்தேன். "என் பீரோ உனக்கு எதுக்கு?" என்று ஒரு வருஷம் கேட்டே விட்டேன். அதற்கு அடுத்த வருஷமும் வந்து சொன்னாய். அதற்கு அடுத்த பங்குனியில் காய்ச்சல் வந்து, வேலூருக்குக் கொண்டுபோய், ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வெள்ளையடித்து முடிந்ததும் புடவைகளை உன்னைப் போல அடுக்கினேன். இருபது பேருக்குக் கொடுத்தது போக மிச்சத்தை வரிசையில் வைத்தேன். காலையில் மேலே இருப்பதை எடுப்பது, காய்ந்ததும் அடியில் வைப்பது. முதல் நாள் வாடாமல்லியைத்தான் கட்டினேன். கட்டிக்கொண்டு தேரடிப் பக்கம் காய் வாங்கப் போனேன். கீரை விற்கிற அம்மா ஒரு கட்டை எடுத்து நீட்டியபடி, "இன்னிக்கு இன்னா விசேஷம்? இந்தக் கலர் உனக்கு சூப்பரா கீது" என்றாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே பிடித்திருந்தது. முப்பது வருஷம் இது என்னிடம்தான் இருந்திருக்கிறது.

தீபத்தன்று மயில்கழுத்தைக் கட்டினேன். மடிப்புக் கோடுகள் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நாத்தனார் கூடத்தில் வந்து உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா அண்ணி, இது அப்ப காணாம போன பொடவதான? யாரு கொண்டாந்து குடுத்தாங்க?"

அவர் வீட்டுக்காரர் இருந்தார். என் வீட்டுக்காரரும் உன் வீட்டுக்காரரும் இருந்தார்கள். சென்னையில் வேலை பார்க்கும் உன் மகள் விடுமுறைக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். மாமியார் மட்டும்தான் இல்லை.

"யாரும் குடுக்கல. இது எங்கயும் போகவே இல்ல. நான்தான் ஒளிச்சு வெச்சேன். அவ கைக்குக் கெடைக்கக் கூடாதுன்னு வேற பொடவக்குள்ள வெச்சுட்டு, மறந்துட்டு, அவளத் திருடின்னு சொன்னேன்" என்றேன். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

நாத்தனார் கையை ஆட்டினார். "அட, அத வுடுங்க அண்ணி. எனக்கு எப்பவோ மறந்தே போச்சு. காபியில சக்கர கம்மியா போடுங்க."

உன்னை ஏழு வருஷம் வாய் மூட வைத்த விஷயம் அவருக்கு மறந்தே போயிருந்தது. நான் அடுப்படிக்கு வந்து பாலை வைத்தேன். உன் மகள் பின்னாலேயே வந்து, என்னிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தெரியும் பெரிம்மா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நீங்களே உள்ள எங்கயோ வெச்சுட்டு மறந்திருப்பீங்கன்னு. பீரோவ முழுசா எறக்கினா கெடச்சுடும்னு சொல்லும். அப்போ நீயே தேடி எடுத்துக் குடுத்துட வேண்டியதுதானன்னு கேட்டேன். 'நான் எடுத்துக் குடுத்தா, நானே கொண்டாந்து வெச்ச மாதிரி ஆயிடும்டீ. அக்கா கையால எடுக்கணும். எடுக்கட்டும், அன்னிக்கு நாங்க பேசிக்கறோம்'னு சொல்லுச்சு."

பால் பொங்கி வழிந்தது. அவள்தான் அடுப்பை அணைத்தாள்.

சாயங்காலம் மழை வந்தது. கிரிவலம் போய் நனைந்து வந்த யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரிக்குப் பீரோவைத் திறந்து, மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். நல்ல பட்டுதான். கறையானால் ஆகட்டும். உன் முடிச்சுகளை மட்டும் மூன்றாவது தட்டின் மூலையில் இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். அந்தத் தட்டில் வேறு எதையும் வைக்கவில்லை. பீரோவைத் திறக்கும்போதெல்லாம், கதவருகில் நீ வந்து நிற்பது போலத் திரும்பிப் பார்க்கிறேன்.

முழுசாக இறக்கிவிட்டேன். என் கையாலேயே எடுத்துவிட்டேன். அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றாயே, வாடி.