படமில்லாத போர்டு

மச்சான்,

இன்று காலை கருங்குழியைத் தாண்டும்போது, "சாலைப் பணி நடக்கிறது, மெதுவாகச் செல்லவும்" என்று சத்தமாகப் படித்துவிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த புது டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்குப் படிக்கத் தெரியும் அண்ணாத்த, டிகிரி முடிச்சிகீறேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது நீ இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றும் இதே ரோடுதான். கோவளத்தில் ஏற்றிய மீனோடு அச்சரப்பாக்கம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் கண்ணசந்திருந்தேன். நீ அடித்த பிரேக்கில் விழித்தால், கண்ணாடி முழுக்க ஒரு பஸ்ஸின் முகம். எப்படித்தான் ஸ்டியரிங்கை ஒடித்தாயோ, வண்டி மண்ணில் இறங்கி நின்றது. ஐஸ் பெட்டிகள் கவிழ்ந்து ரோடெல்லாம் மீன். ரோடு வேலைக்காகப் பக்கத்துப் பாதையை மூடிவிட்டு, போக வர எல்லா வண்டியையும் ஒரே பாதையில் விட்டிருந்தார்கள். நீயோ வழக்கம்போல லாரியை முந்தப் போயிருக்கிறாய்.

"எதிர்ல வண்டி வரும்னு அவ்ளோ பெரிய போர்டு வச்சிகீறான், பாக்கலியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா வந்த?"

நீ மீனைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாய். "படம் இல்லியே மச்சான், வெறும் எழுத்துதானே. எனக்குப் படிக்க வராது."

பஸ்ஸைப் பார்த்தபோதுகூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. எத்தனை வருடப் பழக்கம் நமக்கு! டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அது என்ன? என் கல்யாணப் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "ஜோரா கீது" என்றாயே? மெசேஜ் அனுப்பினால் பதில் போடாமல் உடனே கூப்பிடுவாயே, அதுவும் இதனால்தானா?

"அப்பறம் எப்டிடா லைசென்ஸ் எடுத்த?"

"சின்னமெல்லாம் மனப்பாடம். கேட்டாங்க, சொன்னேன். ஓட்டச் சொன்னாங்க, ஓட்டிக் காட்டினேன்."

"உன்ன மாதிரி ஆளுக்கு லைசென்ஸ் குடுக்கவே கூடாதுடா!"

கோபத்தில் கத்தினேன். நீ கத்தவில்லை. "வேற இன்னா பண்ணச் சொல்ற? கடலுக்குப் போவவா? எங்க நைனா போனாரு. திரும்பி வந்தாரா?" என்றாய்.

மறுநாள் சாவியை என்னிடம் நீட்டினாய். எனக்கு ஓட்டத் தெரியாது. சாவியை உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, முதல் போர்டிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அதற்கப்புறம் நான் வண்டியில் தூங்கியதே இல்லை. கடை போர்டைக்கூட விடாமல் கேட்பாய்: "அது இன்னா மச்சான்?"

லைசென்ஸுக்கு எட்டாவது பாஸ் வேண்டுமென்ற விதியை நீக்கியது சரியா தப்பா என்று டீக்கடையில் இன்னும் சண்டை போடுகிறார்கள். படிக்கத் தெரியாதவன் கையில் வண்டி கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். அந்த பஸ்ஸின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. சொல்லிவிட்டு, உன் பெண்டாட்டி அந்தப் பக்கம் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

கடைசியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த உன்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கூடவே ஓடினேன். கதவுக்கு மேலே பெரிதாக எழுதியிருந்ததை அண்ணாந்து பார்த்தாய்.

"அது இன்னா மச்சான்?"

தீவிர சிகிச்சைப் பிரிவு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒன்னுமில்லடா. ஸ்கேன் எடுக்குற ரூமு."

நீ என்னையே பார்த்தாய். "அத்தப் படிக்க இம்மாம் நேரமா?" என்றாய். கதவைச் சாத்திவிட்டார்கள். நீயும் திரும்பி வரவில்லை.

அவ்வளவு வருடத்தில் உனக்கு நான் தப்பாகப் படித்துச் சொன்னது அந்த ஒரு போர்டைத்தான். நீ அதை நம்பினாயா, மச்சான்?