வளையல் இல்லாத கை

அன்புள்ள அம்மாவுக்கு,

பாரிஸிலிருந்து இளவரசி. மூட்டுவலி குறைந்ததா? எனக்கு ஒன்றுமில்லை, குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் வேலை செய்யும் அருங்காட்சியகத்தில் காஞ்சிப் பட்டு பற்றிய பழைய ஆவணப்படம் ஒன்றைத் திரையிடுகிறார்கள். பார்த்தால், பிள்ளையார்பாளையத்து நம் வீடு! தறியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். கீழே ‘நெசவாளர் சபாபதி’ என்று பெயர். அடுத்து, தறியில் நாடா ஓட்டும் கைகள் மட்டும் திரை முழுக்க வந்தன. இடது கட்டைவிரலில் கஞ்சி கொட்டிய தழும்பு. அது உன் கை அம்மா.

“படம் புடிக்க வந்தப்போ நான் அடுப்பாண்ட டீ போட்டுக்கினு இருந்தேன்மா” என்றுதானே எப்போதும் சொல்வாய்?

ஆஸ்பத்திரியில்கூட வளையலைக் கழற்றமாட்டேன் என்று நர்ஸோடு சண்டை போட்டவள் நீ. அந்தக் கையில் ஒரு வளையல்கூட இல்லை. ஆண் கையாகத் தெரியவேண்டும் என்று கழற்றச் சொன்னார்களா? அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றாரா?

அந்தப் பெயரை உன் பெயராக, அம்சவேணி என்று மாற்றச் சொன்னேன், அருங்காட்சியகத்தில் ஆதாரம் கேட்கிறார்கள். தினமும் மதிய இடைவேளையில் அந்தத் திரைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதோ, இன்றைக்கும் நேரம் முடிந்துவிட்டது.

உன் இடது கையைப் படம் எடுத்து உடனே அனுப்பு. வளையலோடு.

உன் மகள்,
இளவரசி