நாய்க்கடிக்குச் சிரித்த அத்தான்

அக்காவைக் கட்டிக்கொண்டு, எனக்குக் கேலி பேச ஆளாய் வாய்த்த அன்பு அத்தானுக்கு,

செத்தவரைத் திட்டக் கூடாதாம். யார் சொன்னது? உயிரோடு இருந்தபோது திட்டினால் சிரித்தே மழுப்புவீர்கள். இப்போதாவது வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

நேற்று உங்கள் மகள் ராஜபாளையத்திலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். ஒரு கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். இழுத்துப் பார்த்தால் பல் பட்ட தடம். உங்கள் ஞாபகமாக வெள்ளை நாய்க்குட்டி ஒன்று வளர்க்கிறாளாம்! ஞாபகம் வைத்துக்கொள்ள வேறு பொருளே கிடைக்கவில்லையா?

“நம்ம வீட்டுப் பிள்ளைதான சித்தி, ஒண்ணும் ஆகாது” என்று சிரித்தாள். அதே சொல். அதே சிரிப்பு.

நீங்கள் வளர்த்த நாய் கடித்தபோது நீங்களும் என்ன சொன்னீர்கள்? “சாதி நாய். பால் குடிச்சு வளந்தது. தெரு நாய் கடிச்சாத்தான் ஊசி.” அது தெரு நாயோடு கட்டிப் புரண்டு வந்தது உங்களுக்குத் தெரியாதா? ஊரே பெருமை பேசும் நாய் என்றால் வெறிநோய் ஒதுங்கிப் போய்விடுமா? கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்டு நடுங்கினீர்கள். டம்ளரை நீட்டியது அக்கா. இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள் தண்ணீர் கொடுப்பதில்லை, மகள்தான் கொடுக்கிறாள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறாள் அல்லவா, வரிசையில் நின்றபடியே எனக்குப் பாடம் எடுத்தாள்.

“சித்தி, எதையும் கண்டுக்கிடாம இருக்கவங்கள நான்சலன்ட்னு சொல்லுவாங்க. பிரெஞ்சுல இருந்து வந்த வார்த்தை. அதுக்கும் பின்னால போனா லத்தீன். சூடுங்கிறதுதான் அதோட வேர். மனசுல சூடே ஏறாதவங்க. அப்பா அப்படித்தான?”

“ஏட்டி, உங்கப்பன் சூடு சொரணை இல்லாத மனுசன்னு கல்யாணப் பந்தியிலயே சொல்லிட்டேன். இதுக்கு எதுக்கு லத்தீன் வரைக்கும் போற?”

முன்னால் நின்ற போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “பயமா இருக்கு சித்தி” என்றாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது, அத்தான். பிள்ளைக்குப் பயப்படத் தெரிகிறது. உங்களிடமிருந்து அவளுக்கு வந்தது சிரிப்பு மட்டும்தான்.

மிச்ச ஊசிக்கும் நானே கூட்டிப்போவேன். வரமாட்டேன் என்றால் சடையைப் பிடித்து இழுத்துப்போவேன். உங்களைக் கேலி பேசத்தான் எனக்கு முறை இருந்தது. இவளை இழுத்துப்போகவும் முறை இருக்கிறது.

இன்னும் கோபம் ஆறாத,
மடவார் வளாகத்துக் கொழுந்தியாள்.